நடுவில் விட்ட இடம்

அலுவலகத்தில் அவளை எல்லோரும் வளைவக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் வரும். யார் எதை வரைந்துகொண்டு வந்து காட்டினாலும், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரிதான், இந்த வளைவு மட்டும் கொஞ்சம்..." என்று இழுப்பாள். வரைந்தவருக்கு முகம் தொங்கிப்போகும். சில சமயம் அவள் சொன்னது தப்பாகவும் இருந்ததுண்டு. அப்போது, "பழசே நல்லா இருந்துச்சு, என் பேச்சைக் கேட்டுக் கெட்டீங்க" என்று அவளே முந்திக்கொள்வாள். அதனால் யாருக்கும் அவள் மேல் கோபம் தங்கியதில்லை.

அது பெரிய நிறுவனம். போன் செய்வது, வழி காட்டும் வரைபடம் போடுவது, பணம் அனுப்ப வசதி செய்வது, ஊரார் எடுக்கும் போட்டோக்களைப் பத்திரமாக வைத்துக் காப்பது என்று கை வைக்காத தொழில் இல்லை. அங்கே வளைவக்காவின் வேலை, போன் திரையில் தெரிகிற சின்னச் சின்னப் படங்களை வரைவது. வேண்டாத படத்தை அழிக்க நாம் தொடுகிற குப்பைத்தொட்டி, காலையில் எழுப்பிவிடுகிற மணி, கடிதம் வந்தால் தலைகாட்டுகிற உறை, எல்லாம் அவள் கைவேலை. கோடிப் பேர் தினமும் தொடுகிறார்கள். யார் வரைந்தது என்று ஒருவரும் கேட்டதில்லை. அவளும் அதை ஒரு குறையாக நினைத்ததில்லை.

முதலில் அவள் இருந்தது ஒரு லேபிள் தொழிற்சாலையில். சட்டைக் கழுத்துக்குள் தைத்திருக்குமே, துவைக்கும் வாளி, இஸ்திரிப் பெட்டி, முக்கோணம் என்று துவைக்கும் முறை சொல்லும் குறிகள், அவற்றைத் துணி நாடாவில் நெய்வதற்கு ஏற்றபடி வரைந்து கொடுப்பாள். காகிதத்தில் போட்ட கோடு நூலில் வராது. நூலைவிட மெல்லிய கோட்டைப் போட்டால் அது காணாமலே போய்விடும். பெரிதாகப் போட்டால் எவனும் அழகாகப் போடுவான், சின்னதாகப் போட்டு நிற்கவேண்டும் என்பது அங்கே அவள் கையில் ஏறிய பாடம். கல்யாணத்துக்குப் பிறகு மாலை வகுப்பில் சேர்ந்து கணினியில் வரையப் படித்தாள். புருஷன் பஸ் டிரைவர். தன் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போய் வகுப்பு வாசலில் இறக்கிவிடுவார். குழந்தையைப் பார்த்துக்கொண்டவர் மாமனார். மருந்துக்கடையில் காலமெல்லாம் மாத்திரை எண்ணிக் கொடுத்து ஓய்வுபெற்றவர். வாய் மட்டும் ஓய்வு பெறவில்லை. அவர் காதில் ஒரு சேதி விழுந்தால் அவர் செருப்பை மாட்டுவதற்குள் அது தெருக்கோடிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

நிறுவனத்தின் பழைய சின்னம் ஒரு பூமி உருண்டை. அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள், அவற்றைக் கிழித்துக்கொண்டு ஒரு மின்னல், மூன்று நிறம், கீழே ஒரு நிழல் வேறு. கட்டிடத்தின் உச்சியில் பார்க்க ராஜாவாட்டம்தான் இருக்கும். அதையே போன் திரையில் நகம் அளவுக்குச் சுருக்கினால் நசுக்கின கொசு. உள்ளே வேலை செய்தவர்கள் அதைக் கொசு என்றுதான் சொல்வார்கள், சத்தம் போடாமல். ஏனென்றால் அதை வரைந்தவர் இன்னும் இயக்குநர் குழுவில் இருந்தார். நிறுவனத்தைத் தொடங்கிய பெரியவரின் மனைவிக்கு அண்ணன். பெரியவர் அவரை எல்லோர் முன்னாலும் "மச்சான், மச்சான்" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, நிறுவனம் முழுக்க அவருக்கு மச்சான் சார் என்றே பெயர் விழுந்துவிட்டது. பெரியவர் காலமான பிறகு அவர் மகள் தலைவியாகப் பொறுப்புக்கு வந்தாள். அந்த அம்மாள்தான் சின்னத்தை மாற்றியே தீருவது என்று முடிவு செய்தாள்.

முதலில் வெளியிலிருந்து ஒரு பெரிய விளம்பர நிறுவனத்தைக் கூப்பிட்டார்கள். அவர்கள் தலையணை கனத்தில் ஒரு புத்தகம் கொண்டுவந்து வைத்தார்கள். அதில் பிரபஞ்சத்தின் துடிப்பு, மானுடத்தின் அலைவரிசை என்றெல்லாம் இருந்தது. தலைவி கடைசிப் பக்கம்வரை பொறுமையாகப் புரட்டினாள். பிறகு மூடிவைத்துவிட்டு வளைவக்காவைக் கூப்பிட்டனுப்பினாள்.

"படிச்சா நல்லா இருக்கு. பார்த்தா ஒண்ணும் இல்ல" என்றாள் தலைவி. "நீங்க போட்ட குப்பைத்தொட்டியைப் பார்த்தா குப்பைத்தொட்டின்னு தெரியுது. எங்க அப்பா ஆரம்பிச்ச கம்பெனியைப் பார்த்தா என்னன்னு தெரியணும். போட்டுக் குடுப்பீங்களா?"

வளைவக்கா அந்தத் தலையணைப் புத்தகத்தைப் பார்த்தாள். "மேடம், நான் சின்னப் படம் போடறவ."

"அதுக்காகத்தான் உங்களைக் கேக்கறேன்."

அவளோடு இன்னும் இரண்டு பேரைச் சேர்த்தார்கள். நிறம் பார்க்கிற ஒரு பெண், திரையில் படங்களை அசைய வைக்கிற ஒருவர். முன்னவளை நிறக்காரி என்றும் பின்னவரை ஆட்டக்காரர் என்றும் மாடியே அழைத்தது. மூவருக்கும் லிஃப்ட்டுக்குப் பக்கத்தில், ஜன்னலில் காகிதம் ஒட்டி மறைத்த ஓர் அறை. ஒரே ஒரு நிபந்தனை: வெளியிடும் நாள்வரை வெளியே மூச்சு விடக்கூடாது. வீட்டிலும்தான்.

ஆபீசில் வாயைக் கட்டுவது சுலபம். வீட்டில் மாமனார் இருக்கிறாரே! மருமகள் சாப்பிடும்போது தட்டின் ஓரத்தில் விரலால் ஏதோ போடுகிறாள், குளியலறைக் கண்ணாடியில் ஆவி படிந்தால் அதிலும் வட்டம் வட்டமாகப் போட்டு வைக்கிறாள், கூப்பிட்டால் மூன்றாம் தடவைதான் திரும்புகிறாள். மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மகனைத் தனியே இழுத்தார்.

"டேய், உன் பொண்டாட்டிக்கு வேலை போயிடுச்சு போலிருக்கு. நம்மகிட்ட சொல்லாம பார்க்ல போய் உக்காந்துட்டு வருது."

"அப்பா, தினமும் நான்தானே ஆபீஸ் வாசல்ல எறக்கி விடறேன்?"

"வாசல்ல எறக்கிவிட்டா? உள்ள போறதைப் பார்த்தியா?"

அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த வளைவக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வெளியே வந்து, "மாமா, வேலை இருக்கு. ரொம்ப நல்லாவே இருக்கு. என்னன்னு மட்டும் கேக்காதீங்க" என்றாள்.

"நான் யார்கிட்டம்மா சொல்லப்போறேன்?" என்றார் அவர், முகத்தில் ஓர் அப்பாவித்தனத்தோடு. வீட்டில் இருந்த மூன்று பேரும், பள்ளிக்கூடம் போகிற மகள் உட்பட, அவரையே பார்த்தார்கள். "சரி சரி" என்று செய்தித்தாளைக் கையில் எடுத்துக்கொண்டார்.

வேலை என்னவோ நகரவில்லை. வட்டம் போட்டார்கள், கதவு போட்டார்கள், பறவை போட்டார்கள். பறவைக்கு ஆட்டக்காரர் சிறகடிக்க வைத்தபோது மூவருக்கும் பிடித்துத்தான் இருந்தது. மறுநாள் பார்த்தால் எங்கேயோ பார்த்த பறவை மாதிரி இருந்தது. எதைப் போட்டாலும் தலைவி தன் தாய்மாமனை நினைத்துக் கேட்பது ஒன்றுதான்: "மாமா என்ன சொல்வார்?" மச்சான் சார் ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரே வரிதான் சொன்னார்: "மின்னல் போனா நானும் போறேன்." அவரைச் சமாளிக்க மின்னலை எங்கேயாவது ஒட்டிப் பார்ப்பார்கள். ஒட்டின இடமெல்லாம் மின்சார அபாயப் பலகை மாதிரி ஆகிவிடும்.

கடைசியில் வளைவக்கா அவர் அறைக்கே போனாள். வாதாடப் போகவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "சார், அந்த மின்னலை ஏன் போட்டீங்க?" என்று கேட்டாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இத்தனை வருஷத்தில் அவரை யாரும் அதைக் கேட்டதில்லை போலிருந்தது.

"அது மின்னலே இல்லம்மா."

"அப்புறம்?"

"கம்பி. மொதல் போன் செட்டை நாங்க ஒரு ஷெட்ல செஞ்சோம். என் மச்சான் ஷெட்ல, என் தங்கச்சி அடுப்படியில. நடுவுல ஒரு கம்பி. ஓடிக்கிட்டே இழுத்ததால அது நேரா போகல, நடுவுல ஒரு இடத்துல மடங்கிக் கிடந்துச்சு. அது வழியா என் தங்கச்சி, 'கேக்குதா?'ன்னா. மச்சான், 'கேக்குது, நீ சத்தம் போடறது ஜன்னல் வழியாவே கேக்குது'ன்னார். சிரிச்சு சிரிச்சு வயிறு வலிச்சுது. அந்தக் கம்பியைத்தான் போட்டேன். எல்லாரும் மின்னல்னாங்க. சரி, மின்னலாவே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

வளைவக்கா படி இறங்கி வந்தாள். லிஃப்ட்டுக்காகக் காத்திருக்கப் பொறுமை இல்லை. அறைக்குள் நுழைந்ததும் ஒரு வட்டம் போட்டாள். அதை நடுவில் மேலிருந்து கீழாகப் பிளந்தாள். பிளவை நேராக விடாமல், பாதியில் ஒரு மடக்கு மடக்கினாள். ஒரு பாதி கொஞ்சம் மேலேறி, மறு பாதி கொஞ்சம் கீழிறங்கி, இரண்டு பேர் தலையைச் சாய்த்துக்கொண்டு ஒருவர் சொல்வதை ஒருவர் கேட்கிற மாதிரி நின்றன. கம்பியை அவள் வரையவே இல்லை. இரண்டு பேரை வரைந்து நடுவில் இடம் விட்டாள். கம்பி தானாக வந்து உட்கார்ந்தது.

நிறக்காரி எழுந்து வந்து பார்த்தாள். பிறகு, "அக்கா, ஒரே நிறம் போதும்" என்றாள். மூன்று நிறம் வேண்டும் என்று இரண்டு மாதமாகச் சண்டை போட்டவள் அவள். நன்றாகப் பழுத்த ஆரஞ்சு நிறத்தைத் தேர்ந்தெடுத்தாள். ஆட்டக்காரர், போனைத் திறந்தால் இரண்டு பாதியும் மெல்ல ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்து நிற்கும்படி செய்தார். அதற்குமேல் ஆட்டவில்லை, அவருக்கு அது பெரிய விரதம்.

அதற்குப் பிறகுதான் நிஜமான வேலை. மேலேறிய பாதி எவ்வளவு சாய வேண்டும் என்பதற்கே சுவர் நிறையக் காகிதம் ஒட்டினார்கள். கொஞ்சம் அதிகம் சாய்ந்தால் விழப்போகிறது, கொஞ்சம் குறைந்தால் விறைத்துக்கொண்டு நிற்கிறது. அதோடு ஒட்டி நிற்கிற மாதிரி நிறுவனத்தின் பெயருக்கு எழுத்து, கடைப் பலகை, வண்டி, அட்டைப்பெட்டி, அடையாள அட்டை, எதில் எங்கே எவ்வளவு பெரிதாக வரவேண்டும் என்று அத்தனையும் போட்டு முடித்தார்கள்.

இயக்குநர் குழுக் கூட்டத்தில் வளைவக்காவைப் பேசச் சொன்னார்கள். நீளமான மேஜை, தண்ணீர்ப் பாட்டில்கள், கோட்டு போட்ட ஆட்கள். அவள் மனப்பாடம் செய்து வந்த முதல் வாக்கியம் எங்கோ ஓடிவிட்டது. நேராகப் படத்தைத் திரையில் போட்டாள்.

எல்லோரும் திரையை விட்டுவிட்டு மச்சான் சார் முகத்தைப் பார்த்தார்கள்.

"என் மின்னலைத் தூக்கிட்டீங்க" என்றார் அவர்.

"இல்ல சார்" என்றாள் வளைவக்கா. குரல் வந்துவிட்டது. "ரெண்டுக்கும் நடுவுல பாருங்க."

அவர் பார்த்தார். எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். பிறகு விரலை நீட்டி, அந்தப் பிளவின் மேலிருந்து கீழ்வரை, மடக்கு வந்த இடத்தில் நின்று நின்று, தடவிப் பார்த்தார்.

"அட! அடுப்படிக் கம்பி."

"ஆமா சார்."

"நான் அதைத் தூக்கி எல்லாத்துக்கும் மேல வெச்சேன். நீ நடுவுல உக்கார வெச்சிருக்க." அவர் நாற்காலிக்குத் திரும்பும்போது தலைவியின் தோளைத் தட்டினார். "உங்கம்மா பார்த்திருக்கணும்" என்றார். தலைவி மேஜையில் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தாள். அதற்குமேல் அந்தக் கூட்டத்தில் பேச ஒன்றும் இருக்கவில்லை.

வெளியிட்ட நாள் காலையில் மாமனாரிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் எழுந்து நின்றுவிட்டார். "நம்ம வீட்டுக் கண்ணாடியில போட்டதா இது!" என்று ஒரு கூச்சல். செருப்பைத் தேடக்கூட நேரமில்லாமல் பக்கத்து வீட்டுக்கு ஓடினார். இத்தனை மாதம் ஆவலை அடக்கிவைத்த ஆள், பாவம், ஊதிய பலூனின் வாயை அவிழ்த்துவிட்ட மாதிரி தெருவில் சுற்றினார்.

ஆனால் மத்தியானத்துக்குள் வேறு காற்று அடித்தது. உலகம் முழுக்க உட்கார்ந்துகொண்டு கேலி செய்தது. கீழே போட்டு உடைத்த தட்டு என்றார்கள். பாதி பாதியாகக் கடித்த பிஸ்கட் என்றார்கள். என் ரெண்டு வயசுப் பையன் இதைவிட நன்றாகப் போடுவான் என்று ஆயிரம் தகப்பன்மார்கள் எழுதினார்கள். புருஷன் வேலை செய்கிற டிப்போவில் ஒருவர், "உங்க வீட்டுல தட்டு வாங்கினா முழுசா வாங்குங்கப்பா" என்றாராம். புருஷன் வந்து அதைச் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டு அவள்தான் கேட்டு வாங்கினாள்.

மாமனார் சும்மா இருப்பாரா? போனை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் பதில் எழுத ஆரம்பித்தார். ஒரு விரலால் தட்டித் தட்டி, "தம்பி, உங்கள் பையன் போட்டதை அனுப்பவும், பார்ப்போம்" என்று. மூன்று நாள் இதே வேலை.

வளைவக்காவுக்குத் தூக்கம் போனது உண்மை. குளிக்கும்போது அழுததும் உண்மை. அப்போதுதான் ஒரு சாயங்காலம் மாமனார் கொதித்துக்கொண்டு ஒரு வரியை உரக்கப் படித்தார்: "இதைக் கேளும்மா! தையல் கடை வெச்சிருக்கிற ஒரு பொம்பளை எழுதியிருக்கு. 'எல்லாரும் உடைஞ்ச தட்டுன்னு சொல்றீங்க, என் போன்ல வெறும் ஆரஞ்சுப் பழம்தான் தெரியுது.' எவ்வளவு கொழுப்பு பாரு!"

வளைவக்கா வெடுக்கென்று போனைப் பிடுங்கினாள். "மாமா, இது கேலி இல்ல. இது நிஜம்."

அந்தத் தையற்காரப் பெண்ணிடம் இருந்தது பழைய, விலை குறைந்த போன். அவ்வளவு சின்ன, மங்கலான திரையில் நடுவில் விட்ட இடம் மூடிக்கொண்டு, சின்னம் முழு உருண்டையாகத் தெரிந்தது. பல போன்களில் வைத்துப் பார்த்திருந்தார்கள். இந்த ரகம் விட்டுப்போயிருந்தது. நூலில் கோடு காணாமல் போவதைப் பார்த்து வளர்ந்தவள் அவள். மற்றவர்கள் சிரித்தது வலித்ததைவிட இது வலித்தது. ஆனால் விசித்திரம், அந்த வலியில் தெம்பும் வந்தது. இதற்கு மருந்து அவளுக்குத் தெரியும்.

மறுநாள் தலைவியே கூப்பிட்டாள். "குழுவுல சில பேர் பயப்படறாங்க. பழசுக்கே போயிடலாமான்னு கேக்கறாங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

"ஒரு இடம் மாத்தணும் மேடம். அது என் தப்பு." போனை நீட்டிக் காட்டினாள். "மத்தது ஒரு மயிரிழை கூட மாத்தத் தேவையில்ல."

தான் சொன்னதைக் கேட்டு அவளே திடுக்கிட்டாள். தலைவியிடம் அப்படி அவள் ஒருநாளும் பேசியதில்லை. தலைவி சிரித்தாள். "மாமாவும் இதையேதான் சொன்னார். அவர் கொஞ்சம் கெட்ட வார்த்தையும் சேர்த்துச் சொன்னார்."

சின்ன அளவுக்கென்று தனியாக வரைந்தாள். நடுவிடத்தை அகலமாக்கி, மடக்கின் கூர்மையைக் குறைத்து, இரண்டு பாதியையும் கொஞ்சம் ஒல்லியாக்கினாள். பெரிய சின்னத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தப்பாகத் தெரியும். நகம் அளவில் வைத்துப் பார்த்தால் பெரியதைப் போலவே தெரியும். அந்தத் தையற்காரப் பெண்ணுக்கு அவளே எழுதினாள்: உங்களால்தான் சரிசெய்ய முடிந்தது, இப்போது பாருங்கள் என்று. பதில் வந்தது: "இப்ப ரெண்டா தெரியுதுங்க. ஆனா ஆரஞ்சுப் பழமும் நல்லாத்தான் இருந்துச்சு."

கேலி எப்போது நின்றது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒருநாள் நின்றிருந்தது. ரீசார்ஜ் கடைக்காரர்கள் ஷட்டரில் தாங்களே பெயிண்ட் அடித்துக்கொண்டார்கள், கொஞ்சம் கோணலாக. காது கேளாதோர் பள்ளி ஒன்றிலிருந்து, 'ரெண்டு பேர் பேசிக்கொள்கிற படம்' என்று பிள்ளைகள் இதைக் கையால் சாடை காட்டுகிறார்கள் என எழுதியிருந்தார்கள். அதைப் படித்த அன்று நிறக்காரி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மூக்கைச் சிந்திவிட்டு வெளியே வந்தாள்.

கட்டிடத்தின் உச்சியில் பழைய உருண்டையை இறக்கிப் புதியதை ஏற்ற நாள் குறித்தார்கள். நல்ல வெயில். எதிர்ப்பக்க நடைபாதையில் கூட்டம் நின்று அண்ணாந்து பார்த்தது. வளைவக்காவின் குடும்பமும் வந்திருந்தது. கிரேன் முதலில் ஒரு பாதியைத் தூக்கியது; பிறகு மறு பாதியை. ஆட்கள் கயிற்றில் தொங்கிக்கொண்டு முடுக்கினார்கள். நடுவில் வானம் தெரிந்தது. இவ்வளவு பெரிய நீலத்தை அவள் காகிதத்தில் நினைத்துப் பார்த்ததில்லை. மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, அது நீ போட்டதும்மா" என்றாள், அவளுக்கே தெரியாத சேதி மாதிரி.

பக்கத்தில் பார்சல் கொண்டுபோகிற ஒருவர் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார் பொதுவாக.

மாமனாருக்கு அது போதும். "என் மருமக போட்டது" என்றார்.

பார்சல்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஆமா, எங்க மச்சினன் கூட வானத்துல நிலாவை வெச்சான்."

"நம்ப மாட்டேங்கறீங்களா? அம்மா, இங்க வா. இவருக்கு ஒரு தடவை போட்டுக் காட்டு."

"மாமா, ரோட்டுல வெச்சு..." என்றாள் வளைவக்கா. புருஷன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார், கண்ணில் குறும்பு. அவள் குனிந்து அந்த அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் போட்டாள். ஒரு பாதி, மறு பாதி. ஒவ்வொன்றும் கையை எடுக்காமல் ஒரே இழுப்பு.

பார்சல்காரர் பெட்டியைப் பார்த்தார், அண்ணாந்து உச்சியைப் பார்த்தார், மறுபடி பெட்டியைப் பார்த்தார். முகம் மாறியது. "அம்மா... மன்னிச்சுக்குங்க. விளையாட்டாச் சொன்னேன்."

"பரவாயில்லீங்க. பெட்டியில கிறுக்கிட்டேன், கேக்க மாட்டாங்களா?"

"கேக்கட்டும். யார் போட்டதுன்னு சொல்லிக்கறேன்."

பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு கூட்டத்தை விலக்கியபடி நடந்தார். பேனாவால் போட்ட படம் வெளிப்பக்கமாகத் தெரியும்படி திருப்பி வைத்துக்கொண்டார். மாமனார் ஏற்கெனவே அடுத்த ஆளிடம் ஆரம்பித்துவிட்டார். புருஷன், "போலாமா? வெயில் ஏறுது" என்றார்.

"இருங்க" என்றாள் வளைவக்கா. எல்லோரும் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும், வழக்கமாகச் சாய்க்கிற தலையை நேராக வைத்துக்கொண்டு, தெருமுனையில் அந்தத் தோள் திரும்புகிறவரை அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.